ஓட்டின் தடிமன்

இலையில் ஒரு சின்ன வட்டம் துளைத்து எடுப்பேன்,
பஸ் கண்டக்டர் டிக்கெட்டில் ஓட்டை போடுவது போல.
தட்டில் தொண்ணூற்றாறு குழிகள், குழிக்கு ஒரு கன்று.
பத்து நாளில் ஆய்வுக்கூடத்திலிருந்து தாள் வரும்:
தடித்த ஓடு, மெல்லிய ஓடு, ஓடே இல்லை.
காய்க்க இன்னும் மூன்று வருஷம் கிடக்கும் செம்பனையின்
கொட்டைக்குள் என்ன என்று இன்றைக்கே சொல்லிவிடும்.
தடித்ததைப் பிடுங்கி எறிவோம்.
சிலிம் ரிவர் நாற்றுப்பண்ணையில் பதினோரு வருஷம்.
தாள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

அதனால்தான் பதிவிலாகா அனுப்பிய இடத்தில்
பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறம் தேய்த்தபோது
என் வாய் உலர்ந்திருந்தது.
எனக்கு, கோமளாவுக்கு, பதினேழு வயசு ரூபவாணிக்கு.
நீல அட்டை வேண்டுமென்றால் எச்சில் சாட்சி சொல்ல வேண்டும்.
சொன்னது.
சுழியம், ஒரு புள்ளி, அதன் பிறகும் சுழியங்கள்.

"நான் டூராவா, டெனெராவா பா?" என்றாள் திரும்பும் பஸ்ஸில்.
சிரித்தாள்.
கோமளா ஜன்னலுக்கு வெளியே செம்பனைகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.

எழுத்துகளைப் பழிக்க மாட்டேன்.
படிவம் நான்கில் ஊசி குத்திப் பார்த்தவர்கள்தான் சொன்னார்கள்:
இவள் வெளிறிப் போவது இரும்புச்சத்துக் குறைவால் இல்லை,
பிறவியிலேயே சிவப்பணு சிறுசு,
சீன ரத்தத்தில் அடிக்கடி வருவது.
மூன்று வருஷம் முருங்கைக்கீரை, மாத்திரை,
சாப்பிடாத நாளில் கோமளாவின் அடி வேறு.
அத்தனையும் வீண். அவளைப் பற்றி
எங்களைவிட அதிகம் தெரிந்திருந்தது ஒரு சொட்டுக்கு.

ஆனால் பதினாலாம் நம்பர் பிளாக்கையும் பார்த்திருக்கிறேன்.
ஒரே மரத்தின் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து நட்டவை,
எழுத்துக்கு எழுத்து ஒன்று.
வரிசையில் சிலது மட்டும் கோணல் காய் காய்த்தது,
காயைச் சுற்றி இன்னொரு சதை முளைத்து, எண்ணெய் வற்றி.
ஆய்வுக்கூடத்து ஹஸ்லினாவிடம் கேட்டேன்.
"எழுத்தெல்லாம் சரிதான்.
மூடியிருக்க வேண்டிய ஒரு பக்கம் திறந்துகொண்டது" என்றாள்.
யார் திறந்தது?
தோள் குலுக்கினாள். அவளுக்கு நிறையக் குழிகள் பாக்கி இருந்தன.

ரூபவாணி கோபத்தில் கதவை அறைந்து சாத்த மாட்டாள்.
பாதி சாத்திவிட்டு நிற்பாள்,
மீதியை யாராவது சாத்தட்டும் என்று.
கோமளாவும் அப்படித்தான்.
எந்த இலையில் துளைத்து எடுப்பது இதை?

இப்படியெல்லாம் யோசித்து ஒருவாறு தேறிக்கொண்டேன்,
ஒன்றைத் தவிர.

அல்ல என்று சொன்ன தாள்
யார் மகள் என்று சொல்லவில்லை.
அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.
பாசாரில் ஒன்பதாம் கடை, தவுகே விற்கிறவள்.
நிறுத்து முடித்த பிறகு
யார் முகத்தையும் பார்க்காமல்
ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவாள்.
பதினேழு வருஷமாக ஞாயிறுதோறும் வாங்குகிறேன்.
எழுத்துக்கு வாய் இல்லாதது எனக்குச் சௌகரியம்.

இந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும்
கேக் செய்ய வாங்கிய தராசில் பையை வைத்தாள் ரூபவாணி.
"எப்பவும் நூறு கிராம் கூடவே இருக்கு, பா."
பிறகு முறத்தில் கொட்டி
ஒவ்வொன்றாக வால் கிள்ளத் தொடங்கினாள்.
நானும் எதிரில் உட்கார்ந்தேன்.
நிறைய இருந்தது.
கிள்ளி முடிக்க நேரம் ஆகும்.