எடைச்சீட்டின் பின்பக்கம்

"எழுதிப் பாருங்க" என்றார்
ஸ்டான்லியில் நாற்பத்தோராம் டோக்கனுக்கு
நாலு நிமிடம் ஒதுக்கிய டாக்டர்.
சிரித்துவிட்டேன்.
எழுதுவதுதானே என் பிழைப்பு.
திருவொற்றியூர் தாண்டி கன்டெய்னர் யார்டில்
எடைமேடைக்கு நான்தான் எழுத்தர்.
வண்டி எண், வந்த நேரம்,
மொத்த எடை, வெறும் வண்டி எடை,
கழித்தால் சரக்கு.
ஒரு ஷிப்டுக்கு நூற்றைம்பது கழித்தல்.

"அது இல்லம்மா. உங்களப் பத்தி."

நோட்டு வாங்கவில்லை.
அறுபது ரூபாய் கொடுத்து வாங்கி
அதில் போட என்னிடம் என்ன இருக்கிறது?
பிரின்டர் மென்று துப்பிய சீட்டுகள்
மேசைக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடந்தன.
ஒன்றை எடுத்துத் திருப்பினேன்.

முதல் நாள்: தயிர்சோறு. கரன்ட் போச்சு.
மறுநாள்: ஒண்ணுமில்ல.
அதற்கு மறுநாளும் ஒண்ணுமில்ல என்று எழுதி
கீழே கோடு போட்டேன், போட்டேன்,
காகிதம் கிழியும்வரை.
ஐந்தாம் நாள் கொஞ்சம் வந்தது:
ட்ரெய்லர் ஏறும்போது மேடை அதிருது.
வண்டி நின்ன பிறகும்
எனக்குள்ள நிக்கல.

அப்புறம் கை தானாகப் போனது.
கொருக்குப்பேட்டை கேட்டில் கூட்ஸ் பெட்டிகளை எண்ணியது,
ஐம்பத்தெட்டு, எண்ணிக்கை தப்பி மறுபடி ஐம்பத்தெட்டு.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
கண் எரிகிற சாக்கில் அழ வசதியாக இருப்பது.
"உனக்கு இன்னும் வயசிருக்கு" என்று லூர்துமேரி சொன்னது,
அவள் தந்த டீயைக் கீழே கொட்டியது,
கொட்டியதற்கு வெட்கப்பட்டது.
பிழை பார்க்கவில்லை.
தேதி மட்டும் தவறாமல். தொழில் பழக்கம்.

எங்கள் எடைமேடைக்கு இருபது கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
மழைக்கு ஒதுங்க இடம் தேடிய நாய்க்குட்டி ஒன்று
அதன் நடுவில் நின்று உடம்பை உதறியது.
சிவப்பு எழுத்தில் பூஜ்யம்.
அன்றைக்கு அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தபடி
பாதி ஷிப்ட் போனது.

பத்தொன்பதாவது சீட்டில்
ராயபுரம் ஆஸ்பத்திரி அட்டையில் இருந்ததை
பார்க்காமலே எழுதினேன்.
பெண். ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம்.
இரண்டு நாள்.
அதன் கீழே
யாரிடமும் சொல்லாத பெயர்.

வெளியே ஹாரன் மேல் ஹாரன்.
ஜன்னலைத் திறந்து "இருங்க, வரேன்" என்றேன்.
என் குரல்தான்.
ரொம்ப நாளாக ஊரில் இல்லாத குரல்.

சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.
மாத்திரை இருக்கிறது. ராத்திரி இருக்கிறது.
நேற்று நாலு மணி பத்து நிமிடம் தூங்கினேன்,
அதுவும் சீட்டில் இருக்கிறது.
எழுதினால் பாரம் குறையும் என்றார்கள்.
குறைந்ததா, தெரியவில்லை.
எவ்வளவு என்று தெரிகிறது.
எவ்வளவு என்று தெரிந்த வண்டிக்குத்தான்
எங்கள் யார்டில் கேட் திறப்பார்கள்.

காசிமேட்டு ஏலம் முடிந்து வந்த தேவசகாயம்
ஃபேன் காற்றில் வீடெல்லாம் பறந்த சீட்டுகளைப் பொறுக்கி
மீன் தராசின் அரைக்கிலோ கல்லை மேலே வைத்திருந்தார்.
படித்தாரா என்று கேட்கவில்லை.
தேதிவாரியாக அடுக்கியிருந்தது.
மேல் சீட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
நான் எடுக்கவில்லை.

இன்று ஸ்டான்லியில் வேறு டாக்டர்.
பழையவர் படிப்பு முடித்துப் போய்விட்டாராம்.
பேனாவைத் திறந்து
"மொதல்லேருந்து சொல்லுங்க" என்றார்.
எம்.சி. ரோடு துணிக்கடைப் பையை
மேசைமேல் வைத்தேன்.
"இதெல்லாம் நான் படிக்கணுமா?"
"வேணாம் டாக்டர்.
ஒரு தடவை தூக்கிப் பாருங்க."