உப்பு அனுப்புகிறவள்

டுலூத் நகரத்துச் சாலைத்துறைக் கொட்டகையில்
காலை நாலரைக்கே விளக்கு.
மார்லிஸ் எங்கெப்ரெட்சன் வயர்லெஸ்ஸை எடுத்து
உப்பு வண்டிகளை அனுப்புகிறாள்.
ஏழாம் நம்பர், மேட்டுத்தெரு.
பதினொன்று, ஏரிப்பாலம்.
வெர்ன், உன் வண்டி பின்னால் சிந்திக்கொண்டே போகிறது,
என்னவென்று பார்.

ஒரு பனிக்காலத்துக்கு எத்தனை டன் என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்.
ஒரு நாளைக்கு எத்தனை மில்லிகிராம் என்பதைத்தான்
அக்டோபரில் டாக்டர் எழுதிக் கொடுத்தார்.
ஆயிரத்து ஐநூறு.
அந்தச் சீட்டு
ஃப்ரிஜ் கதவில், மீன் வடிவக் காந்தத்தின் கீழே.

ஆகவே ஞாயிறு மாலை
கடையின் ஃப்ரீசர் வரிசையில் நிற்கிறாள்,
மூக்கு நுனியில் கண்ணாடி.
கதவைத் திறந்தால் கதவுக்கு வேர்க்கிறது.
மூடினால் எழுத்து தெரியவில்லை.
திறந்து, எடுத்து, புரட்டி, வைத்து,
மறுபடி திறந்து
விரல் நுனி மரத்துப்போன பிறகும்
அட்டைப்பெட்டிகளின் முதுகையே படிக்கிறாள்.
முகத்தில் என்ன இருக்கிறது?
பளபளக்கும் கோழி, அதன் தலைமேல் ஒரு பச்சை இலை.
நிஜமெல்லாம் முதுகில்,
எறும்பு எழுத்தில்.

"லேசான உணவு" என்று பச்சை மையில் போட்டவன்
எண்ணூற்று நாற்பது வைத்திருக்கிறான்.
இதயம் வரைந்த பெட்டியில் சோடியம் குறைவு,
சர்க்கரை பதினெட்டு கிராம்.
ஒரு பேயை ஓட்டினால்
இன்னொன்று சாவி வாங்கிக்கொண்டு குடிவருகிறது.
கையகலப் பெட்டி ஒன்று
இரண்டு பேர் சாப்பிடலாம் என்கிறது.
எந்த இரண்டு பேர்?
வாய்விட்டே கேட்டுவிட்டாள்.
பட்டாணி எடுக்க வந்த பையன்
எடுக்காமலே நகர்ந்தான்.

வீட்டில் சமைத்து எடுத்துப் போகலாமே அம்மா,
ஃபீனிக்ஸிலிருந்து மகள் கிர்ஸ்டன்.
அங்கே ஜனவரியிலும் செருப்போடு நடக்கலாம்.
மூன்று மணிக்கு எழுந்து
காரைப் பனியிலிருந்து தோண்டி எடுக்கிறவளுக்கு
அடுப்பு ரொம்ப தூரம்.

கடைசியில் ஐந்து பெட்டிகள்.
வாற்கோதுமையும் பூசணியும் மூன்று.
கறுப்பு பீன்ஸ் ஒன்று.
வெள்ளிக்கிழமைக்கு, கொஞ்சம் கூடுதல் என்று தெரிந்தே,
சீஸ் போட்ட பாஸ்தா ஒன்று.
கூடவே உறைந்த கீரை ஒரு பை.
எந்தப் பெட்டியிலும் ஒரு பிடி கலந்தால்
பெட்டி கொஞ்சம் சாப்பாடு ஆகிறது.
இது யாரும் சொல்லித் தந்ததல்ல,
மூன்றாவது வாரம் பசி கண்டுபிடித்தது.

செவ்வாய், பத்தரை மணி. அவளுக்கு மதியம்.
மேல் தாளில் முள்கரண்டியால் நாலு குத்து,
மூன்று நிமிடம், ஒரு கிளறு, இன்னும் ஒன்றரை.
மேசை இழுப்பறையில்
ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் பாதி எலுமிச்சை,
மிளகு டப்பா.
கடிதம் பிரிக்கிற கத்தியாலேயே நறுக்குகிறாள்.

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று
அவள் மொழியில் அவளிடம் யாரும் சொன்னதில்லை.
வெர்ன் மட்டும் போன வாரம் ஒரு வாய் வாங்கிப் பார்த்து,
மென்று,
யோசித்து,
"அட்டைப்பெட்டி இன்னும் பாக்கி இருக்கிறதா?" என்றான்.
அவனுடைய மீட்லோஃபில் ஆயிரத்து முந்நூற்று எழுபது.
அவள் படித்துக் காட்டினாள்.
அவன் கெட்சப்பும் ஊற்றிக்கொண்டான்.

முதல் வாய் வைக்கும்போது வயர்லெஸ் கரகரக்கிறது.
மேட்டுத்தெரு முழுக்கக் கண்ணாடி,
பள்ளிப் பேருந்து ஒன்று
பக்கவாட்டில் வழுக்கி நிற்கிறது,
பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை,
எவ்வளவு போடட்டும் மார்லிஸ்?

வாயிலிருந்த வாற்கோதுமையை
ஒரு கன்னத்துக்கு ஒதுக்குகிறாள்.
"கணக்குப் பார்க்காதே" என்கிறாள்,
"கொட்டு, வெர்ன்.
உச்சியிலிருந்து ஏரி வரைக்கும்
தாராளமாகக் கொட்டு."

பிறகு கரண்டியால் நடுவில் தொட்டுப் பார்க்கிறாள்.
இன்னும் பனிக்கட்டி.
தட்டை உள்ளே தள்ளி
முப்பது விநாடி அழுத்துகிறாள்.