முப்பத்திரண்டாவது

இரண்டாம் மாடி, பெண்கள் கழிப்பறை.
மூன்றாவது அறைக்கு மேலே கூரைப் பலகை
ஒரு விரலளவு விலகியிருந்தது.
ஏணி வைத்துக் கையை விட்டேன்.
தூசு, ஒற்றைக் காதணி,
பக்கத்தில் இளஞ்சிவப்பாய்
விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்று.
முகர்ந்து பார்த்தேன். வத்தகப்பழம்.
ஜனவரியில், லாங்கென்தாலில்,
குழாய்த் தண்ணீரும் உறைந்துபோன வாரத்தில்.

என் அலுமாரியில் ஒரு மயோனைஸ் வாளி உண்டு.
ஆவணியில் பள்ளிக்கூடம் தொடங்கியதிலிருந்து
பொறுக்கியவை முப்பத்தொன்று:
மாம்பழம், புதினா, நீல ராஸ்பெரி,
பஞ்சுமிட்டாய் மட்டும் ஒன்பது.
ஒருமுறை ஊதிவிட்டு எறிவதற்கென்றே செய்தவை.
எறிந்தாலும் சாகாது.
பேட்டரி உள்ளே நலமாக இருக்கிறது.
இருட்டில் அலுமாரியைத் திறந்தால்
ஒன்றிரண்டு தன்பாட்டில் கண் சிமிட்டும்.
அந்தப் புகையை இவர்கள் ஆவி என்கிறார்கள்.
எங்கள் மொழியில் ஆவி போனால்
ஆள் போய்விட்டான் என்று அர்த்தம்.
இங்கே ஆவி போய்விட்டது,
பெட்டி உயிரோடு கிடக்கிறது.

செவ்வாய் இரவு பெற்றோர் கூட்டம்.
கதிரை அடுக்க என்னை நிற்கச் சொன்னார்கள்.
தடை செய்யத்தான் வேண்டும் என்றாள்
மருந்துக்கடை வைத்திருப்பவள்.
தடை செய்தால் களவாய் வரும்,
எதை இழுக்கிறோம் என்றே தெரியாமல்
பிள்ளைகள் இழுக்கும் என்றார் ஒரு தச்சர்.
சிகரெட்டை நான் விட்டதே இதால்தான் என்று
பின்வரிசையில் ஒரு மெல்லிய குரல்.
தலைமை ஆசிரியை ஏஷ்லிமான்
மூன்று பேருக்கும் தலையாட்டினார்.
வாளியைக் கொண்டுவந்து மேசையில் கவிழ்த்திருக்கலாம்.
என்னிடம் இருப்பது சி அனுமதி. வாக்கு இல்லை.
கதிரைகள் நூற்றிருபது.

புதன், நாலரை மணி.
துடைத்த ஈரத்தில் சப்பாத்துச் சத்தம்.
ஏழாம் வகுப்பு ரொன்யா.
"ஹெர் குலா, மேல இருந்தது என்ரை."
குலவீரசிங்கத்தை இந்தக் கட்டடம்
அவ்வளவாகத்தான் மென்று வைத்திருக்கிறது.
அவள் விரல்கள் ஸ்வெட்டர் கைக்குள் ஒளிந்தும் நடுங்கின.
குளிர் இல்லை. அது எனக்குத் தெரியும்.
விடியப்புறம் நாலு மணிக்கு, முதல் ரயிலுக்கு முன்
என் கையில் இருப்பதும் அதுதான்.

தரமாட்டேன் என்றேன்.
உனக்கு வயசு பதின்மூன்று என்றேன்.
மூளை, நெஞ்சு என்று இன்னும் ஏதோ தொடங்கினேன்.
அவள் பார்வை என் சட்டைப் பையில் நின்றது.
என் பெட்டியில் கறுத்துப்போன ஒரு நுரையீரல்,
கீழே மூன்று மொழிகளில் சாவு.
அவளுடையதில் ஒரு துண்டுப் பழம், சிரித்தபடி.

"அது மட்டும்?" என்றாள்.

மூன்று மொழியிலும் பதில் இல்லை.
நாலாவதிலும் இல்லை.

கை தூக்க விட்டால் தூக்குவேன்.
தடை செய்யுங்கள்.
பழத்தின் பெயர் வைத்தவனுக்குத் தெரியும்
யாருடைய நாக்குக்கு என்று.
ஐம்பது வயசுக்காரன் எவன் பஞ்சுமிட்டாய் கேட்டான்?
ஆனால் சட்டம் வந்த அன்று இரவும்
இந்தக் கை நடுங்கும்.
அது எந்தக் கதவைத் தட்டலாம்,
திறப்பது யார்,
பெல்லடித்த பிறகும் இருப்பார்களா,
அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வாளியில் போட்டேன். பூட்டினேன்.
பின்கதவால் வெளியே வந்தபோது
சைக்கிள் பூட்டு உறைந்து
அவள் திறப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
வாயால் ஊதி, உள்ளங்கையில் பொத்திப் பிடித்து
ஒருவாறு திறந்து கொடுத்தேன்.
நன்றி சொல்லவில்லை.
அவளுடைய சிவப்புப் பின்விளக்கு
சிமிட்டிச் சிமிட்டிப் பாலம் தாண்டும்வரை
தீப்பெட்டியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

பிறகு பற்றவைத்தேன்.