பத்தொன்பது கதிரை

கொள்ளுப்பிட்டி ஹோட்டலில் அறுபது கதிரை,
ஆட்கள் பத்தொன்பது.
கோர்க் நகரத்து டெக்லன்
தன் அப்பாவின் செத்தவீட்டுப் பகிடியைத் தொடங்க
கரண்ட் போயிற்று.

மைக் இல்லை. அவன் நிறுத்தவுமில்லை.
சவப்பெட்டி படிவளைவில் சிக்கிய இடத்தில்
இருட்டு முழுக்கச் சிரித்தது.
ஜெனரேட்டர் உறுமி வெளிச்சம் வந்ததும்
எல்லாரும் மந்திரியின் மேசையைப் பார்த்து
வாயை மூடிக்கொண்டார்கள்.

"எங்கள் ஊரில் பாதிரியாரைப் பார்ப்போம்" என்றான் பிறகு,
காலிமுகத்திடலில்
இறால் வடையை ஊதி ஊதி.
இறைச்சிக்கடையில் ஒன்பது வருசம்,
மேடையில் இருபத்திரண்டு,
இரண்டு விவாகரத்து.
"உன் அப்பா?"

லைட் போடுகிறவன் நான்.
"எங்களுக்குப் பெட்டியே தரவில்லை,
படியில் சிக்குவதற்கு."

அவன் சிரிக்கவில்லை.
கடலைப் பார்த்தபடி,
"இதை மேடையில் சொல்" என்றான்.

"முதலில் கரண்ட் போகட்டும்" என்றேன்.