ரிமார்க்ஸ் காலம்

மடம் விற்பனைக்கு.
ஏழு ஏக்கர் முப்பத்திரண்டு சென்ட்,
சில்வர் ஓக் நூற்றுப் பதினொன்று,
மிளகுக்கொடி கணக்கில் வராது.
அளக்கப் போனவன் நான். செங்கோடன்,
லைசென்ஸ் சர்வேயர், செவ்வாய்ப்பேட்டை.

மூன்று மணிக்கே பனி இறங்கிவிட்டது ஏற்காட்டில்.
டேப் பிடித்த பையன் பத்தடியில் மறைந்தான்.
அவன் இருமல் மட்டும் நின்றது
எல்லைக்கல் மாதிரி.

"இந்தப் பனியில வளைவு இறங்காதீங்க,
லைப்ரரியில கட்டில் இருக்கு" என்றார் வியான்னி சிஸ்டர்.
கட்டில் இருந்தது. புத்தகங்கள்
முப்பது பெட்டியாகப் பெங்களூர் போயிருந்தன.
மேசை ஆடாமலிருக்கக் காலடியில் கொடுத்திருந்த
ஒரு நோட்டு மட்டும் மிச்சம்.

மதர் கொலம்பா எழுதியது. அயர்லாந்துக்காரர்,
கொல்லையில் நான் அளந்த மூன்றாவது சிலுவை.
தன் மாவட்டத்து மடங்களையெல்லாம்
கோடு போட்டுக் கட்டத்தில் அடைத்திருந்தார்:
ஊர். கட்டியவர். எரித்தவர். எச்சம்.
எங்கள் அடங்கல் போலவே.
என் பத்திர ஆங்கிலம் போதுமானதாக இருந்தது.

கில்டேர், கில்கல்லன், கில்காக்.
கில் என்றால் கோயில் என்று ஓரத்தில் பென்சில்.
அவர்களுக்கு அது ஊருக்கு முன்னால்,
நமக்குப் பின்னால்: பள்ளி, பள்ளி என்று.
முதலில் முனிவர் படுத்த கல்,
பிறகு பிள்ளைகள் படிக்க, தொழுபவர் தொழ,
இன்று கண்டக்டர் பாதி விழுங்கும் கடைசி இரண்டெழுத்து.

டாகடோ என்றொரு ஊர்.
தகடூர் என்றே வாசித்துத் தொலைத்தேன்.
'வட்டக் கோபுரம் நிற்கிறது. தலைக்கூடு இல்லை.'
மூன் என்று இன்னொன்று.
'கற்சிலுவை. அதில் அப்பம் ஐந்து, மீன் இரண்டு, விலாங்கு இரண்டு.'
வேதத்தில் விலாங்கு கிடையாதே!
கொத்தியவன் ஆற்றோரத்துக்காரன் போல.
அப்புறம் பக்கம் பக்கமாக
எச்சம் இல்லை.
எச்சம் இல்லை.
இடமே தெரியவில்லை.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு பாகப்பிரிவினை நினைவு வந்தது.
மரவள்ளிக்கு நடுவே
கண்மூடி உட்கார்ந்திருந்தார் கல்லில் ஒருவர்.
முனியப்பன் என்றார் அண்ணன். புத்தர் என்றார் தம்பி.
நான் இழுத்த கோடு நேராக அவர் மடியில் விழுந்தது.
'கல் – 1' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
ஃபீஸ் இருவரும் பாதிப்பாதி.

கில்டேருக்கு மட்டும் இரண்டு பக்கம்.
பத்தொன்பது கன்னியர், ஆளுக்கோர் இரவு,
நெருப்பைக் காப்பார்களாம்.
இருபதாம் இரவு, கடைசிப் பெண்
விறகை அடுக்கி வைத்துவிட்டு
"பிரிஜித்தே, இது உன் முறை" என்று
செத்துப்போன தலைவியிடம் சொல்லித் தூங்கப் போவாள்.
விடியும்போது விறகு தீர்ந்திருக்கும்.
நெருப்பு இருக்கும்.

நம்பவில்லை. தண்ணீர் தாகம், எழுந்தேன்.
சமையலறையில் சிஸ்டர்
நாற்காலியிலேயே உறங்கிப்போயிருந்தார்,
ஒரு செருப்பு கழன்று கிடந்தது.
இந்த வீட்டில் ஒரு காலத்தில் நாற்பது தட்டு;
கழுவிக் கவிழ்த்தது இப்போது ஒன்று.
அடுப்பில் காப்பிக் கட்டை
சாம்பலுக்குள் கண் விழித்திருந்தது.
யார் முறை என்று
யாரும் என்னிடம் சொல்லவில்லை.
ஒரு கட்டையை எடுத்து வைத்தேன்.
குளிருக்குத்தான்.

காலையில் நோட்டை மேசைக்கால் அடியிலேயே திருப்பி வைத்தேன்.
இறங்கும்போது வளைவுகள் இருபதில் தொடங்கிக் குறையும்.
பதினான்கில் பனி விலகிச் சேலம் தெரிந்தது,
ஸ்டீல் பிளான்ட் புகையோடு.
பையன் இன்னும் இருமிக்கொண்டிருந்தான்.

ரிமார்க்ஸ் காலத்தில் எழுதினேன்:
'சமையலறை, வடமேற்கு மூலை. தீ – 1.'

வாங்குகிறவரின் வக்கீல் அதை அடித்துவிட்டார்.
அவர் பேனா மெல்லியது.
கோட்டுக்கு அடியில்
இன்னும் வாசிக்க முடிகிறது.