முப்பத்தோரு பவுண்டு

முதல் சனிக்கிழமை லைல் கேட்டது ஒன்றே ஒன்று:
சீக்கிரம் வீட்டுக்குப் போகவேண்டுமா?
இல்லை என்றேன். பொய்.

அவனுக்கு முப்பத்து மூன்று, எனக்கு அறுபத்தொன்று.
நான் ஓட்டிய பள்ளிப் பேருந்தில்
நான்காவது இருக்கையில் உட்கார்ந்து
ஜன்னல் ரப்பரைப் பிய்த்துக்கொண்டு வந்தவன்.
இப்போது இந்தப் பக்கத்துச் சலவை இயந்திரங்களுக்கெல்லாம் வைத்தியன்,
மிச்ச நேரத்தில் வில்.
பதினேழு முடித்திருக்கிறான், நாற்பது ஒடித்திருக்கிறான்.
சுவரில் மாட்டியிருப்பது ஒடிந்தவற்றை.

மரத்துக்கு ஓசேஜ் என்று பெயர்.
மிசூரியில் எங்கள் பக்கம் யாரும் அப்படிச் சொல்வதில்லை,
வேலி மரம், அவ்வளவுதான்.
முள்கம்பி வருவதற்கு முன்
மாடு தாண்டாமல் இருக்க நட்டது.
பிளந்தால் உள்ளே பள்ளிப் பேருந்தின் மஞ்சள்.
நான் வாய்விட்டுச் சிரித்தேன்.
இருபத்தாறு வருடம் போதாதா.

"பட்டையை உரி, வெள்ளை மரத்தை வழித்தெடு,
பிறகு ஒரு வருடத்தைத் தேர்ந்தெடு.
முனையிலிருந்து முனைவரை
அந்த ஒற்றை வளையம்தான் வில்லின் முதுகு.
கத்தி தவறி அடுத்த வருடத்துக்குள் இறங்கினால்
அங்கேதான் ஒடியும்."

இரண்டு வளையங்களுக்கு நடுவே
பொரபொரவென்று ஒரு மெல்லிய வரி.
இழுப்புக் கத்தி அதில் ஏறும்போது
ரஸ்க் கடிக்கிற சத்தம்.
கண் பார்ப்பதற்கு முன் காது சொல்லிவிடும்.

மூன்று சனிக்கிழமை ஒரு வருடத்தைத் துரத்தினேன்.
வெளியிலிருந்து எட்டாவது,
காயவைத்த மூன்றையும் கூட்டினால் பதினொன்று.
தடித்த வளையம். நல்ல மழை பெய்திருக்க வேண்டும்.
எனக்கு மழை நினைவில்லை.
ஓரின் கூரைமேல் நின்று
இரண்டு கையாலும் தகடு மாற்றியது நினைவிருக்கிறது.

பிறகு வளைப்பது.
சுவரில் அறைந்த கட்டையில் வில்லைக் கிடத்தி
கப்பியில் கயிறு, கயிற்று நுனியில் மீன் தராசு.
லைல் இழுப்பான், நான் எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டி நிற்பேன்.
"கிட்டே வராதே. கிட்டே வந்தால்
கை எதையாவது சுரண்டப் பார்க்கும்."
மேற்கை அழகாக வளைந்தது.
கீழ்க்கை பிடிவாதம்.

அந்த வாரம் வில்லை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.
ராத்திரி சமையலறையில்,
ஓரினின் மணி அடிக்கிறதா என்று ஒரு காது அறைப் பக்கம் இருக்க,
சுரண்டினேன், சுரண்டினேன்.
மணி அடிக்கவில்லை. அதுதான் தப்பாகிவிட்டது.

சனிக்கிழமை கயிற்றை இழுத்தவன் பாதியில் நிறுத்தினான்.
பிடியிலிருந்து ஒரு சாண் கீழே
கதவுக் கீல்போல மடங்குகிறது.

"எடுத்ததை ஒட்டமுடியாதா?"

அவன் சிரிக்கவில்லை.
காதிலிருந்து பென்சிலை எடுத்து
அந்த இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டான்.
"இனி இங்கே தொடாதே.
மற்ற இடமெல்லாம் எடு.
இது எவ்வளவு தாங்குமோ
அதுவரைக்கும் எல்லாம் இறங்கி வரட்டும்."

கவிழ்த்துப்போட்ட சலவைத் தொட்டிமேல் உட்கார்ந்தேன்.
"மானுக்கு நாற்பத்தைந்து பவுண்டு வேண்டும் என்றாயே."
"மானுக்குப் போதாது," என்றான், "அட்டைப் பெட்டிக்குப் போதும்."

எங்கள் வீட்டில் தட்டுகள் கீழ் அலமாரிக்கு வந்தன,
கட்டிலின் கால்களை அறுத்தோம்,
சட்டைப் பொத்தான்கள் ஜிப்பாயின.
கடைத்தெருவில் என் நடையைப் பார்த்து
எனக்கும் முழங்கால் வலியா என்று கேட்கிறார்கள்.

மே மாதம் முடித்தேன். முப்பத்தோரு பவுண்டு.
மெழுகு தேய்த்து மான்தோல் சுற்றினேன்.
லைல் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தான்.
சுவரில் மாட்டுவதற்கு இடம் கேட்கவில்லை.

பின்கட்டில் அட்டைப் பெட்டி வைத்து ஆறு அம்பு.
இரண்டு பெட்டியில், மூன்று புல்லில்,
ஒன்றை இன்னும் தேடவேண்டும்.

சக்கர நாற்காலியில் ஓரின் வலக்கையை நீட்டினான்.
வில்லை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
பென்சில் கோட்டை நான் அழிக்கவில்லை,
மெழுகுக்கு அடியில் மங்கலாகத் தெரியும்.

"இது என்ன?"
"அங்கே தொடக்கூடாது," என்றேன்.

நேராக அங்கேதான்
கட்டைவிரலை வைத்தான்.