விட்டுப் பிடித்தல்

பனிக்கட்டி இன்று அறுபத்திரண்டு சென்டிமீட்டர்.
துளைத்து அளந்து பலகையில் எழுதுவது என் வேலை.
ஆர்யெப்லோக், பிப்ரவரி, மைனஸ் இருபத்தெட்டு.
ஏரியின் மேல் கார்கள் ஓடலாம்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஓட்மார் கேட்டார்:
"குன்வோர், நீங்கள் ஓட்டிப் பார்க்கிறீர்களா?
எங்கள் ஆட்களுக்கெல்லாம் பழகிவிட்டது.
பழகாத கால் ஒன்று வேண்டும்."

பழகாத காலா!
முப்பது குளிர்காலம் இந்தக் கால்
பழைய வோல்வோவில்
மிதித்து எடுத்து, மிதித்து எடுத்து
மரம் ஏற்றிய லாரிகளுக்கு வழிவிட்ட கால்.

எண்பதில் போய்ச் சிவப்புக் கொடியருகே மிதித்தேன்.
பிரேக் என்னை எதிர்த்து உதைத்தது.
பாதத்தின் கீழே தடதடவென்று
யாரோ கதவைத் தட்டினார்கள்.
ஏதோ முறிந்துவிட்டதென்று
காலை எடுத்தேன்.
கார் கொடியைத் தாண்டிப்போய்
பனிக்குவியலில் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

ஓட்மார் சிரிக்கவில்லை.
கையுறையைக் கழற்றி, காகிதத்தில் கோட்டைக் காட்டினார்.
"இங்கே நீங்கள் விட்டீர்கள்.
அதுவரை ஏபிஎஸ்தான் விட்டது, பிடித்தது, விட்டது,
ஒரு வினாடிக்குள் பன்னிரண்டு தரம்.
ஒவ்வொரு சக்கரத்திலும் பல் வைத்த வளையம்;
பற்கள் கடப்பதை ஒரு சென்சார் எண்ணுகிறது.
மற்றவை உருள, ஒன்று மட்டும் சட்டென்று மந்தமானால்
அது பூட்டிக்கொள்ளப் போகிறது.
அதற்கு மட்டும் எண்ணெய் அழுத்தம் தளரும்,
உருண்டதும் மறுபடி இறுகும்.
பூட்டிய சக்கரம் வெறும் சறுக்குக்கட்டை.
உருளும் சக்கரந்தான் சொல்பேச்சு கேட்கும்."

விட்டுப் பிடிக்கும் இந்த வேலையைத்தான்
நானும் செய்துவந்திருக்கிறேன்,
நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே காலால்,
வினாடிக்கு இரண்டு தரம்.
கொஞ்சம் ரோஷமாய் இருந்தது.

மூன்றாவது ஓட்டம்.
கொடிக்கு முன்பே, காட்டோரத்திலிருந்து இறங்கி
நடுப்பாதையில் நின்றது ஒரு கலைமான்.
காதுவெட்டு தெரியுமளவு கிட்டே:
பியேரா வீட்டு மந்தை.

மிதித்தேன்.
உதைத்தது.
எடு என்றது கால்.
நடுங்கித் தொலையட்டும் என்று மிதித்தபடியே
ஸ்டீயரிங்கை இடப்பக்கம் ஒடித்தேன்.
இடது சக்கரங்களுக்குக் கீழே கண்ணாடி,
வலதுக்குக் கீழே சொரசொரத்த பனி,
ஆனாலும் கார் திரும்பியது,
திக்கித் திக்கி
வாக்கியத்தை முடித்துவிடுகிறவன் மாதிரி.

கலைமான் கார் கதவை முகர்ந்து பார்த்தது.
போகவில்லை.

ரேடியோவில் ஓட்மார்: "அருமையான கோடு! இன்னொரு முறை?"
"முதலில் இதை நகரச் சொல்லுங்கள்" என்றேன்.
எஞ்சினை அணைத்த பிறகும்
வலது கால் மட்டும்
தடதடத்துக்கொண்டிருந்தது.